சுருதியும் மாத்திரையும்: ஆயருக்கு வேண்டிய இசையறிவு

ஆராதனையில் பாடலை எடுத்துக் கொடுப்பவர் யாராயிருப்பினும், பாடல் குலைந்தால் சபையார் திரும்பிப் பார்ப்பது ஆயரையே. ஆயினும் இறையியல் மாணாக்கருள் பலர், இசையறிவு நல்ல குரல் உடையோர்க்கே உரியதென ஒதுங்கிவிடுகின்றனர். குரல் வேறு, அறிவு வேறு. பாட இயலாத ஆயரும், ஒரு பாடல் ஏன் சபையார் வாயில் வரவில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு இன்றியமையாத இரண்டை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது சுருதி. பாடலின் அடிப்படைச் சுரமாகிய சட்ஜத்தை எவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறோம் என்பதே அது. சட்ஜத்தின் அதிர்வெண்ணை இரட்டித்தால் மேல் சட்ஜம் கிடைக்கும். ஒன்றரை மடங்காக்கினால் பஞ்சமம் கிடைக்கும். இவ்விகிதங்கள் மாறுவதில்லை, சட்ஜத்தின் இடமோ பாடுவோரின் குரலுக்கேற்ப மாறும். மேனாட்டிலும் ஜான் கர்வென் (1816–1880) என்னும் போதகர், சாரா குளோவர் அம்மையார் வகுத்த முறையைத் தழுவி, இடம் மாறக்கூடிய ‘டோ’வை அடிப்படையாகக் கொண்ட டானிக் சோல்பா முறையைப் பரப்பினார். அவருடைய ‘டோ’வும் நம் ‘ச’வும் இவ்வகையில் உறவினரே.

பாமாலை மெட்டுகள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி அளவிலோ அதற்குச் சற்று மிகுதியாகவோ அமைகின்றன. கீர்த்தனை அவ்வாறன்று. பல்லவி நடுவில் உலாவும். அனுபல்லவி மேல் சட்ஜத்தை எட்டி, சில வேளைகளில் அதனையும் கடக்கும். பல்லவி எளிதாயிருக்கின்றதென்று மூன்று கட்டையில் தொடங்கினால் அனுபல்லவியில் இடர் காத்திருக்கும். இளமையில் ஒரு கிராமச் சபையில் நாமே இப்பிழையைச் செய்தோம். சரணத்துக்கு வந்தபோது நாமும் ஆர்மோனியமுமே எஞ்சியிருந்தோம். எனவே, பாடலின் உச்சச் சுரத்தை முதலில் மெல்லப் பாடிப் பார்த்து, அதன்பின் கட்டையைத் தேர்ந்துகொள்வதே முறை. ஆர்மோனியத்தில் ‘சி’ என்னும் வெண்கட்டையே ஒரு கட்டை என்பதை மாணாக்கர் நினைவிற்கொள்க.

இரண்டாவது காலஅளவு. பாமாலைப் பாடல்களின் தலைப்பில் 8.6.8.6 போன்ற எண்களைக் காண்கிறோம். ஓர் அடியிலுள்ள ஒலித்துண்டுகளின் எண்ணிக்கையே இது. இத்துண்டு நம் யாப்பிலக்கணம் கூறும் அசையன்று. ‘பரம்’ என்பது நமக்கு ஒரே நிரையசை. மேனாட்டுக் கணக்கிலோ இரண்டு துண்டுகள். இக்குழப்பத்தினால் தடுமாறிய மாணாக்கரை ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். ஒரே எண்ணமைப்புடைய பாடல்களுக்கு மெட்டை மாற்றிப் பாடலாம் என்பது இம்முறையின் பெரும்பயன்.

ஆனால் எண்ணிக்கை ஒத்தால் மட்டும் போதுமா? ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. 8.6.8.6 அமைப்பில் பெரும்பாலும் முதல் துண்டு மெலிந்தும் இரண்டாவது வலிந்தும் வரும். மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த மெட்டாயின் மெலிந்தது ஓரெண்ணிக்கையும் வலிந்தது ஈரெண்ணிக்கையும் பெறுவது வழக்கம். தமிழோ மாத்திரையைக் கணக்கிடுவது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. எனவே ‘பரம்’ என்னும் சொல்லின் ‘ப’, அடியின் இரண்டாம் அல்லது நான்காம் இடத்தில் விழுந்தால், அது நீண்டு ‘பாரம்’ என்றே காதில் விழுகிறது. விண்ணுலகம் சுமையாகிவிடுகிறது! ‘வரம்’ வேண்டுவோர் ‘வாரம்’ கேட்கின்றனர். ‘மனம்’ ‘மானம்’ ஆகின்றது. மோனைக்கும் இதே கதிதான். தமிழில் அடியின் முதலெழுத்தே செவிக்கு முனைப்பானது. இம்மெட்டுகளிலோ அது மெலிந்த இடத்தில் மறைந்துபோகிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளைச் சபையார் ஏட்டைப் பாராமலே பாடுவதற்குக் காரணம் பழக்கம் மட்டுமன்று. அங்குச் சொல்லும் மெட்டும் ஒருங்கே பிறந்தன. நெடில் நிற்கவேண்டிய இடத்தில் தாளமும் நிற்கின்றது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டது, இவ்வேறுபாட்டை மிஷனரிமாருள் சிலரேனும் உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றென்போம்.

இதனால் பாமாலையைக் கைவிடவேண்டும் என்பது நம் கருத்தன்று. பல தலைமுறையினரின் பக்தி அதில் தோய்ந்துள்ளது. சனிக்கிழமை மாலையில் ஆயர் மறுநாட் பாடலின் ஒவ்வொரு அடியையும் மெட்டோடு சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். குறில் நீண்டு பொருள் திரியுமிடத்தைக் கண்டால், அதே எண்ணமைப்பில் நாலெண்ணிக்கைத் தாளத்தில் வேறு மெட்டு உண்டா என்று பின்னிணைப்பில் தேடலாம். கிடைக்காவிடில் அச்சரணத்தை மட்டும் விட்டுவிடலாம்.