கலைஞர்களின் வீடு

பினாங்கில் பி. ரம்லி சாலையில் ஒரு சிறிய மரவீடு இருக்கிறது. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட அவ்வீட்டில், 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பி. ரம்லி பிறந்தார். பாடகர், இசையமைப்பாளர், நகைச்சுவை நடிகர், இயக்குநர் எனப் பல துறைகளில் ஒளிர்ந்தவர் அவர். அவர் கடைசியாக வாழ்ந்த வீடு கோலாலம்பூரில், செத்தாப்பாக் வட்டாரத்தில் உள்ளது. இன்று இவ்விரண்டு வீடுகளும் அவருடைய நினைவைக் காத்து வருகின்றன.

ஆனால், ரம்லியின் நகைச்சுவைப் படங்களில் நாம் அடிக்கடி காண்பது சொந்த வீட்டை அன்று, வாடகை அறையையே. 1957இல் வெளிவந்த 'பூஜாங் லாப்போக்' படத்தில் மணமாகாத மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அதன் தொடர்ச்சியாக 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' படத்தில், அவர்கள் நடிகர்களாக முயல்கின்றனர். வசனத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து இரைச்சல் அவர்களை விடுவதில்லை.

1965இல் வந்த 'மாசாம்-மாசாம் மானிஸ்' படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பகலில் பாடம் நடத்தும் ஆசிரியர்; அந்தப் பக்கம் இரவு விடுதியில் பாடும் பெண். ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றவர் விழித்திருக்கிறார். முகம் பாராமலே சண்டை மூள்கிறது. அதே இருவரும் வெளியில் சந்தித்து, சுவருக்கு அப்பால் இருப்பவர் யார் என அறியாமலே ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகின்றனர்!

ரம்லியும் 1948இல் பினாங்கை விட்டுப் பிழைப்புக்காகச் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்திற்குச் சென்றவர்தாம். ஊரை விட்டு நகரத்திற்கு வந்தவர்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் பிறருடன் பகிர்ந்துகொண்ட கூரைதான். அந்த நெருக்கடியைப் பார்த்து அழுவதற்கும் இடமுண்டு. ரம்லியோ மக்களைச் சிரிக்க வைத்தார்.

நகரத்தில் இருந்தபடியே ஊரை வரைந்தவர் கேலிச்சித்திரக் கலைஞர் லாட். 1951இல் பேராக் மாநிலத்தின் கோப்பெங் அருகே ஒரு கம்பத்தில் பிறந்த இவர், கோலாலம்பூரில் நாளிதழில் பணியாற்றினார். 1979இல் வெளிவந்த இவருடைய 'கம்போங் பாய்' நூலில் வீட்டின் சுவர்களைவிட வெளியே உள்ளவையே மிகுதி: ஆறு, ரப்பர் மரங்கள், கூட்டாளிகள். 'ஊருக்குப் போகிறேன்' என்று தமிழர் சொல்வதற்கும் 'பாலேக் கம்போங்' என்று மலாய்க்காரர் சொல்வதற்கும் பொருளில் அதிக வேறுபாடு இல்லை. இரண்டிலும் வீடு என்ற சொல்லே வருவதில்லை. ஆனால், அதைத்தான் குறிக்கிறோம். அந்நூலின் இறுதியில் சிறுவன் படிப்பதற்காக ஈப்போவுக்குப் புறப்படுகிறான். அவன் கம்பத்து நிலத்திலோ ஈயம் தேடும் பணி நடக்கிறது. ஈயம் கிடைத்தால் கம்பத்தின் கதி என்ன? சிரித்துக்கொண்டே படித்து வந்தவர்கள் இங்குச் சற்று நின்றுவிடுவர்.

ரம்லியும் லாட்டும் சிரிப்பின் வழி தொட்ட அதே கவலையை, எழுத்தாளர் கே. எஸ். மணியம் சிரிப்பின்றி நேருக்கு நேர் பார்த்தார். 1942இல் கெடாவின் பீடோங்கில் பிறந்த அவர், ஆங்கிலத்தில் எழுதிய மலேசியத் தமிழர். அவருடைய முதல் நாவலான 'தி ரிட்டர்ன்' 1981இல் வெளிவந்தது. கதையில் இந்தியாவிலிருந்து வந்த பாட்டி ஒருவர் இங்கே தமக்கென ஒரு வீட்டை அமைக்கிறார். வீடு இருக்கிறது, நிலத்துக்கு உரிமைப் பத்திரம் மட்டும் இல்லை. ஏக்கத்தோடே பாட்டி மறைகிறார். அந்த ஏக்கம் மகனைப் பற்றிக்கொள்கிறது. சலவைத் தொழில் செய்யும் அவர், பின்னாளில் ஆற்றங்கரையில் தம் கையாலேயே ஒரு வீடு கட்டுகிறார். அந்த நிலமும் அவருடையதன்று. வெளியேறச் சொல்கிறார்கள், அவர் அசையவில்லை. இறுதியில் அந்த வீடும் அவரும் தீக்கு இரையாகின்றனர்.

இஃது ஒரு மனிதரின் பிடிவாதக் கதை மட்டும்தானா? அக்காலத் தோட்ட வாழ்வை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தோட்டத்து லயம் நிருவாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். பிள்ளை பிறந்ததும், திருமணம் நடந்ததும், பெரியவர் கண் மூடியதும் அதே இரண்டு அறைகளில்தான். ஆயினும், அவற்றை 'எங்கள் வீடு' என்று சட்டப்படி சொல்ல முடியாது. இந்நாவலைப் படிக்கும்போது, ஒரு துண்டு நிலத்துக்காக அந்தத் தந்தை ஏன் அத்தனை பாடுபட்டார் என்பது லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு விளக்காமலே புரியும்.

மகன் ரவி படித்து, இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று ஊர் திரும்புகிறான். அவனுக்கு வேலை உண்டு, சம்பளம் உண்டு. தந்தைக்குக் கிடைக்காதவை அவை. ஆனால், தந்தை தேடியது எது என்பதைச் சொல்வதற்கு அவனிடம் உள்ள சொற்கள் போதவில்லை. அவன் திரும்பி வந்த ஊர் அதே பீடோங்தான். தந்தை கட்டிய வீடு மட்டும் அங்கே இல்லை.