பழைய பாட்டில் ஒரு துண்டு எடுக்கலாமா?

தருமபுரி, பென்னாகரம், அரூர் என்று எங்கும் இன்று லேப்டாப்பில் பீட் அமைத்து யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் உண்டு. பழைய சினிமாப் பாட்டையோ பம்பைச் சத்தத்தையோ வெட்டிச் சேர்க்கும் 'சாம்பிளிங்' பற்றி அவர்களுக்கு எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

சாம்பிளிங் என்றாலே திருட்டுதானா?

இல்லை. ஹிப் ஹாப் வளர்ந்ததே பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளை எடுத்துத்தான். மலேசியாவின் யோகி பி குழு 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து, 2006இல் தன் சொந்த ராப் வரிகளைச் சேர்த்தது. அது தமிழ் ராப்புக்கு ஒரு புது வழியைத் திறந்தது. 'தளபதி' படப் பாட்டின் துண்டு, ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007) ஆல்பத்தில் வேறொரு உருவம் எடுத்தது. எடுத்ததை வைத்து நீங்கள் புதிதாக என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் சொந்தப் படைப்பு இருக்கிறது.

சில விநாடிகள் மட்டும் எடுத்தால் அனுமதி வேண்டாமாமே?

அப்படி ஒரு விதி இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) இல்லை. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் 2 விநாடித் துண்டு பற்றிய வழக்கில், காதுக்கு அடையாளம் தெரியும்படி பயன்படுத்தினால் அனுமதி தேவை என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது.

யாரிடம் அனுமதி கேட்பது?

ஒரு பாட்டில் பல உரிமைகள் உண்டு: இசை, வரிகள், ஒலிப்பதிவு. எல்லாம் ஒருவரிடமே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 'குணா' படப் பாட்டைப் பயன்படுத்திய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தினர், இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கியதாகச் சொன்னார்கள். ஆனாலும் பாட்டின் இசையமைப்பாளர் இளையராஜாவிடமிருந்து 2024இல் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பெயர் போட்டுவிட்டால் போதாதா?

போதாது, அனுமதியும் வேண்டும். ஆனால் பெயர் போடாதது தனித் தவறு. பப்பி லஹிரி இசையமைத்த பாட்டைத் தன் பாடலில் சேர்த்த அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் ஆல்பத்தை, லஹிரி பெயர் போடாமல் விற்கக் கூடாது என்று அங்குள்ள நீதிமன்றம் 2002இல் தடுத்தது.

கல்யாண ஊர்வலத்தில் ரீமிக்ஸ் போடலாமா?

கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு போட, சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அதையே யூடியூபில் ஏற்ற இந்த விலக்கு உதவாது. தெரிந்தே உரிமை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

கூத்து, பம்பை, ஒப்பாரி எல்லாம் ஊர்ச் சொத்துதானே?

வழிவழியாக வந்த பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தங்கள் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து வெளியிடுவது சட்ட மீறல். கலைஞரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1969இல் வெளியான 'ஆமென், பிரதர்' என்ற ஆங்கிலப் பாட்டின் சில விநாடி டிரம் வாசிப்பு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் புகுந்தது. வாசித்த கிரிகரி கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. அவர் 2006இல் இறந்தார். அந்த அநியாயம் நம் ஊர்க் கலைஞருக்கும் நடக்கக் கூடாது.

பதிவு செய்யும் முன் கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாட்டின் கீழே அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். வருமானம் வந்தால் அவர் பங்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.