டைமிங் செயின்: மாத்துறப்போ எதைப் பார்க்கணும்?

இந்த எபிசோட்ல பேசினதோட சுருக்கம் இதோ.

போர்ட் மெல்பர்ன் ஆலையில் தயாரான ஹோல்டன் 3.6 லிட்டர் அலாய்டெக் வி6 இன்ஜின், 2004இல் விஇசட் கமடோரில் வந்தது. அதுல மூணு டைமிங் செயின். "செயின் நீண்டுடுச்சு"ன்னு மெக்கானிக் சொன்னா, உலோகம் இழுபட்டதுன்னு அர்த்தமில்லை. ஒவ்வொரு லிங்க்லயும் பின் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு சேர்ந்த இடைவெளி அது. பழைய ஆயிலும் குறைஞ்ச ஆயிலும் தேய்மானத்தை வேகப்படுத்தும். கேம்ஷாஃப்ட் பின்தங்கும், பி0008 மாதிரி கோட் வரும்.

இன்ஜினைப் பிரிச்சாச்சுன்னா செயினை மட்டும் வாங்காதீங்க. கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் சேர்ந்த முழு கிட் வாங்குங்க. தேய்ஞ்ச பல் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்ச்சிடும்.

நிறம் போட்ட லிங்க்குகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோட பொருத்துங்க. டென்ஷனரை விடுவிச்சதும், கிராங்கைக் கையாலேயே ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. நிற லிங்க் மறுபடி நேரா வராது, பயப்படாதீங்க. கேம், கிராங்க் நிலைதான் கணக்கு. நடுவுல தடுத்தா உடனே நிறுத்துங்க, வால்வு பிஸ்டனில் முட்டியிருக்கலாம். கை அதை உணரும். ஸ்டார்ட்டர் மோட்டார் வால்வை வளைச்சிட்டுத்தான் நிற்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!