காயமுற்றோரும் ஓட்டப் பயிற்சியும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. விடியற்காலையில் அங்கு வெப்பத்தின் கடுமை தெரிவதில்லை. ஆதலால் கப்பன் பூங்காவிலும் லால்பாக் தோட்டத்திலும் ஓட்டப் பயிற்சி செய்வோரை நாள்தோறும் காணலாம். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 10 கிலோமீட்டர் உலக ஓட்டப் பந்தயம் இந்நகர மக்களிடையே இப்பழக்கத்தை மேலும் பரப்பியுள்ளது.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெற்ற அப்பந்தயத்தில் ஷாலினி சரஸ்வதி என்னும் பெங்களூர்ப் பெண்மணி கலந்துகொண்டு 10 கிலோமீட்டர் தூரத்தையும் கடந்தார். 2012ஆம் ஆண்டில் கம்போடியா நாட்டிற்குச் சென்று திரும்பிய பின் ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிரால் நோயுற்று, இரு கைகளையும் இரு கால்களையும் இழந்தவர் அவர். நோய் தீர்ந்த பின்னரே அவர் ஓட்டத்தை மேற்கொண்டார். கண்டீரவ விளையாட்டரங்கில் பி. பி. ஐயப்பா என்ற பயிற்சியாளரிடம் பயின்று, செயற்கைக் கால்களின் துணையால் இதனைச் சாதித்தார்.

இத்தகைய செய்தியைக் கேட்பவர்கள் மனவுறுதியை மட்டும் புகழ்ந்துவிட்டு அமைவது வழக்கம். மனவுறுதி இன்றியமையாததே. எனினும் காயத்திலிருந்து மீண்டு புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு அது மட்டும் போதாது. சில வேளைகளில் அதுவே தீங்காகவும் முடியும். உடலின் பல்வேறு பகுதிகள் ஒரே வேகத்தில் வலிமை பெறுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஓய்வின் விலை

கால் முறிந்தவரோ மூட்டில் அறுவை செய்துகொண்டவரோ சில வாரங்கள் அசையாதிருக்க நேரிடுகிறது. அதன் விளைவு எத்தகையது என்பதை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிற்று. உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்கள் 20 நாட்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். கடும் உழைப்பின்போது அவர்களுடைய உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவு கால் பங்குக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. பின்னர் எட்டு வாரங்கள் பயிற்சி அளித்தபோது, இழந்த திறன் திரும்பியதோடு, முன்பு உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதிருந்தவர்கள் பழைய நிலையையும் கடந்து முன்னேறினர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல் அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு மூப்பினால் அவர்கள் இழந்த திறனைக் காட்டிலும், இளமையில் மூன்று வாரப் படுக்கையால் இழந்தது அதிகம் என்று அப்போது தெரியவந்தது. நீண்ட படுக்கை ஓய்வு ஒரு மருந்தன்று என்னும் கருத்து மருத்துவ உலகில் வேரூன்ற இச்சோதனையும் ஒரு காரணமாயிற்று.

விரைவில் தேறுவதும் மெல்லத் தேறுவதும்

மேற்கண்ட சோதனையில் மறைந்துள்ள எச்சரிக்கை ஒன்று உண்டு. எட்டு வாரங்களில் தேறியவை இருதயமும் இரத்த ஓட்டமும் தசைகளுமாகும். இவை பயிற்சிக்கு விரைவாக இணங்குபவை. ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே மூச்சிரைப்பு குறைகிறது. “இனி இரு மடங்கு ஓடலாம்” என்ற எண்ணம் அப்போதே பிறக்கிறது. ஆனால் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் இணங்குவதில்லை.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலுடன் பிணைக்கும் குதிகால் நாணை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதில் வியப்பான உண்மையொன்றைக் கண்டது. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருள் மிகுந்தது. உணவின் வழியே அது மக்களின் உடலிலும் சேர்ந்தது. ஒருவருடைய நாணில் அப்பொருள் எந்த அளவில் உள்ளது என்று கணக்கிட்டால், அந்த நாண் உருவான காலத்தை அறியலாம். அவ்வாறு கணக்கிட்டதில், குதிகால் நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசை ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, நாணின் நடுப்பகுதியோ இளமையில் அமைந்த பொருளைக் கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறது.

அந்த நாண் தாங்கும் பளு சிறிதன்று. ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் பதியும்பொழுதும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலின்மீது செயற்படுகிறது. குதிகால் நாணில் அது ஆறு மடங்கும் அதற்கு மேலும் ஆகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஓடினால், அவருடைய நாண் ஒவ்வொரு காலடிக்கும் 360 கிலோகிராமுக்குக் குறையாத பளுவை இழுத்துப் பிடிக்கிறது. புதிதாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலடிகள் வைக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எலும்பின் நிலை வேறு. பளுவிற்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எடுத்துரைத்தார். இம்மாற்றம் பழைய வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டுவது போன்றது. முதலில் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்றுகின்றன. இதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். வேறொருவகை உயிரணுக்கள் அவ்விடத்தைப் புது எலும்பால் நிரப்புகின்றன. இதற்கு மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். ஆகவே பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்னிலும் வலிமை குன்றியிருக்கக்கூடும். மூச்சு எளிதாகி ஊக்கம் பெருகும் அதே வேளையில்தான் எலும்பு நலிந்து நிற்கிறது.

இவ்வாறு நலிந்த எலும்பில் விழும் மயிரிழைப் பிளவைத் தளர்ச்சி முறிவு எனலாம். பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரெய்தௌப்ட் 1855இல், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்களில் வலியும் வீக்கமும் தோன்றுவதை விவரித்தார். எக்ஸ் கதிர்கள் 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது எலும்பு முறிவு என்று உறுதியாயிற்று.

பாதமென்னும் வில்

இவ்வளவு பளுவையும் தாங்கும் பாதம் எவ்வாறு வளையாமல் நிற்கிறது? இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மதுசூதன் வெங்கடேசன். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அவர். பாதத்தில் குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாட்டில் ஒரு வளைவும், குறுக்குவாட்டில் மற்றொரு வளைவும் உள்ளன. பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் குறுக்கு வளைவினால் கிடைக்கிறது என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2020இல் காட்டினர்.

இதனை ஒரு காகிதத்தைக் கொண்டு எவரும் சோதிக்கலாம். தட்டையான தாளை ஒரு முனையில் பிடித்தால் மறு முனை தொங்கிவிடும். அதையே விரலால் அழுத்திக் குறுக்கே சற்று வளைத்துப் பிடித்தால், தாள் விறைத்து நிமிர்ந்து நிற்கும்.

குதிகால் நாணும் பாத வளைவும் வில்லைப்போல் செயற்படுகின்றன. பாதம் பதியும்போது சக்தியைத் தேக்கிவைத்து, எழும்பும்போது திருப்பித் தருகின்றன. பல வாரங்கள் கட்டுப் போட்டிருந்த காலில் இவ்வில்லை இயக்கும் சிறு தசைகளும் மெலிந்திருக்கும். ஆதலால் ஓடுவதற்கு முன் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய எளிய பயிற்சிகளைச் செய்தல் நன்று.

எண்களும் உடலின் குறிப்பும்

“வாரத்திற்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது” என்னும் விதி ஓட்டக்காரரிடையே பரவலாக வழங்குகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரைக் கொண்டு இவ்விதி சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் இவ்விதிப்படி 13 வாரங்களும், மற்றொரு பிரிவினர் வழக்கமான முறையில் 8 வாரங்களும் பயின்றனர். 2008இல் வெளியான முடிவு பலருக்கும் ஏமாற்றமளித்தது. இரு பிரிவிலும் ஐவரில் ஒருவர் காயமுற்றனர். எந்த ஒரு தனி எண்ணும் எல்லா உடலுக்கும் பொருந்தாது என்பதே இதன் கருத்து. முன்பே காயமுற்றவர் மீண்டும் காயமுறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் கூறுவதால், அவர் தம் உடல் தரும் குறிப்பைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும்.

அக்குறிப்பைப் படிக்கும் முறையொன்றைச் சுவீடன் நாட்டில் குதிகால் நாண் நோயுற்றோரைக் கொண்டு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். வலியே இல்லாததற்கு 0, பொறுக்கவொண்ணா வலிக்கு 10 என்று மதிப்பிடச் சொல்லி, 5 வரையுள்ள வலியுடன் பயிற்சியைத் தொடர ஒரு பிரிவினருக்கு இசைவளித்தனர். மறுநாட் காலைக்குள் வலி தணிந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மற்றொரு பிரிவினர் முதல் ஆறு வாரங்கள் ஓட்டத்தையும் குதித்தலையும் தவிர்த்தனர். இரு பிரிவினரும் நாணை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்துவந்தனர். ஓடியவர்கள் ஓடாதவர்களுக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்தனர். எனவே வலியின் கடுமையைக் காட்டிலும் மறுநாட் காலையில் உடல் இருக்கும் நிலையே நல்ல அளவுகோலாகிறது.

ஆனால் இவ்விதி நாணுக்குரியது, எலும்புக்குப் பொருந்தாது. எலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி, இரவில் ஓய்விலும் விடாத வலி, மூட்டில் வீக்கம், நொண்டி நடக்க நேரிடுதல் ஆகியவை காணப்படின் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தொடங்கும் முறை

எலும்பு முறிவோ அறுவையோ நேர்ந்தவர் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். முதலில் அரைமணி நேரம் வலியின்றி விரைந்து நடக்கப் பழகுதல் நன்று. அடுத்து ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடங்கள் நடந்து, இதனைச் சில முறை திரும்பச் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் இடைநாளில் உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே போதுமானது. மூச்சு எளிதாகிவிட்டது என்பதற்காக மட்டும் தூரத்தைக் கூட்டுதல் தகாது.

நீண்ட எட்டு வைப்பதைக் காட்டிலும் குறுகிய எட்டுகளை விரைவாக வைப்பது நன்மை தரும். வேகத்தை மாற்றாமல் காலடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் விழும் பளு குறைகிறது என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. மேடு பள்ளமான நடைபாதைகளைத் தவிர்த்துப் பூங்காவின் சமமான பாதைகளை நாடுவது புதியவருக்கு ஏற்றது.

செயற்கைக் கால்கள் தரும் பாடம்

கால்களையே இழந்தவர் ஓடுவதற்கு வழிவகுத்தவர் வான் ஃபிலிப்ஸ் என்னும் அமெரிக்கர். 1976இல் நீர்ச்சறுக்கு விளையாட்டின்போது நேர்ந்த விபத்தில் தம் காலை இழந்த அவர், கார்பன் இழைகளாலான வளைந்த தகட்டினைப் பின்னர் அமைத்தார். உடல் எடை அழுத்தும்போது வளைந்து சக்தியைத் தேக்கி, எழும்பும்போது அத்தகடு அதனைத் திருப்பித் தருகிறது. குதிகால் நாண் செய்யும் பணியை அது ஓரளவு செய்கிறது எனலாம். இந்தியாவில் 1968இல் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், குறைந்த விலையில் எண்ணற்றோரை நடக்கச் செய்தது.

1999ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கார்கில் போரின்போது குண்டு வீச்சில் படுகாயமுற்று ஒரு காலை இழந்த மேஜர் தேவேந்தர் பால் சிங், 2009இல் டில்லியில் நடந்த அரை மாரத்தான் ஓட்டத்தில் பங்கு கொண்டார். காயத்திற்கும் அவ்வோட்டத்திற்கும் இடையே பத்து ஆண்டுகள் கடந்திருந்தன.

செயற்கைக் கால் அணிந்து ஓடுபவருக்கும் உடலின் விதி மாறுவதில்லை. தகடு தளர்வதில்லை, ஆனால் அதனைப் பொருத்தும் குழியினுள் அமரும் தோல், அத்தகைய பளுவைத் தாங்குவதற்கென அமைந்ததன்று. உராய்வினால் கொப்புளமோ புண்ணோ தோன்றினால், அது ஆறும்வரை செயற்கைக் காலையே அணிய இயலாமற்போகலாம். எனவே அங்கு ஓட்டத்தின் அளவை முடிவு செய்வது மூச்சும் அன்று, தகடும் அன்று, தோலே ஆகும்.

குழுவாக நடப்பவர்கள் தம்முள் மெல்ல நடப்பவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டால்தான் எல்லோரும் ஒருங்கே ஊர் போய்ச் சேருவர். உடலும் அத்தகைய குழுவே. இருதயம் முன்னே விரையும். தசை அதனைத் தொடரும். நாணும் எலும்பும் பின்தங்கி வரும். அவற்றுக்காகக் காத்திருப்பவர் சில மாதங்களை இழப்பதுபோல் தோன்றலாம். காத்திராதவரோ மீண்டும் படுக்கைக்குத் திரும்பி, இழந்ததையே மறுபடியும் இழக்க நேரிடும். காயத்திற்குப் பின் ஓட விரும்புபவருக்கு வேண்டிய உறுதி, வலியை மீறி ஓடும் உறுதியன்று; ஓட இயலும் என்று தோன்றும் நாளிலும் நடந்து திரும்பும் உறுதியே ஆகும்.