உங்களுக்குத் தெரியுமா? ஒரே மழை, இரண்டு மண்

ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் சிவந்துவிடும். அரியலூர் பக்கம் போனால் கரிசல். மழை பெய்த மறுநாள் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்கவே விடாது. சுமார் 40 கிலோமீட்டருக்குள் இத்தனை மாற்றம்!

காரணம் தாய்ப்பாறை, அதாவது மண் எதிலிருந்து உருவானதோ அந்தப் பாறை.

சிவப்பு மண்ணுக்கு அடியில் கடலூர் மணற்கல் என்ற பாறை இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டு அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. சன்னல் கம்பியில் ஏறும் அதே துருதான் மண்ணுக்கும் நிறம் தருகிறது.

அரியலூரின் கதை கடலில் தொடங்குகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் கையளவு சிப்பி ஓடுகள் இன்றும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க, கரையாத களி மிஞ்சுகிறது. ஈரத்தில் உப்பி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் களி இது. கரைந்த சுண்ணாம்பு முழுவதும் போய்விடுவதில்லை. நீர் வற்றும்போது மண்ணுக்குள்ளேயே வெள்ளை உருண்டைகளாக உறைகிறது. அதுதான் சுக்கான் கல். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைக்கும்!

எல்லாப் பாறையும் சுண்ணாம்புப் பாறை போல இல்லை. கருங்கல் அவ்வளவு எளிதில் மசியாது. அதிலுள்ள கனிமங்களில் பெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களியாகும். குவார்ட்ஸ் மணலாக உதிரும். எவ்வளவு மெல்ல? ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சுமார் 1,000 ஆண்டு வெயிலும் மழையும் பட்ட பின்பும், அங்குள்ள கோயிலின் கருங்கல் சிற்பங்களின் அணிகலன்களில் உளி செதுக்கிய நுணுக்கம் இன்னும் தெரிகிறது.