ஊரே கூடி அனுப்பிய பிள்ளைகள் (தொடர் – 6)

1872-ல் கறுப்பின இளைஞர் புக்கர் டி. வாஷிங்டன் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில் சேரக் கிளம்பியபோது, ஊர்ப் பெரியவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் ஐந்து சென்ட் கொடுத்தார், இன்னொருவர் கால் டாலர், வேறொருவர் கைக்குட்டை. வாழ்நாளின் நல்ல பகுதியை அடிமைகளாகக் கழித்தவர்கள் அவர்கள். நம் பையன் ஒருவன் விடுதியில் தங்கிப் படிக்கப் போவான் என்று கனவிலும் எண்ணாதவர்கள். ஹாம்ப்டனில் அவருக்கு வைக்கப்பட்ட பரீட்சை, ஓர் அறையைப் பெருக்குவது. மூன்று தடவை பெருக்கி, நான்கு தடவை தூசி துடைத்தார். இடம் கிடைத்தது.

ஹாம்ப்டனைப் போல அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கென்று 1964-க்கு முன் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிற கல்லூரிகள் சுமார் நூறு. நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர் ஹோவர்டு, கமலா ஹாரிஸ் படித்த இடம். ஆனால் இந்த அத்தியாயத்தில் அவருக்கு வேலையில்லை. சென்னையில் பிறந்த அவருடைய அம்மா விஞ்ஞானி, அப்பா பொருளியல் பேராசிரியர். நாம் பேசுவது, பெற்றோர் இருவருமே பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

ரூத் சிம்மன்ஸ் அப்படி ஒருவர். 1945-ல் டெக்சஸில், விளைச்சலில் பங்குக்கு நிலம் உழுத குடும்பத்தில் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். பிழைப்புக்காகக் குடும்பம் ஹூஸ்டனுக்கு வந்தது. வீட்டு வேலை செய்த அம்மா, ரூத்துக்கு 15 வயதானபோது இறந்துபோனார். இந்தக் கல்லூரிகளில் ஒன்றான நியூ ஆர்லியன்ஸின் டில்லார்டில் இடம் கிடைத்தது. உடுத்திக்கொண்டு போகத் துணி இல்லை. பள்ளி ஆசிரியை தம் சொந்த உடைகளை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பின்னாளில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, 2001-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஐவி லீக் எனப்படும் அந்த எட்டு பழம்பெரும் கல்விநிலையங்களில் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை.

ஆக, எதிர்பார்ப்பு என்பது மாணவர் ஒருவருடையது மட்டுமல்ல. பட்டம் தாமதமானால் ஊரில் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வேண்டும்’ என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது அவர்களிடம் தாராளமாகவே இருக்கிறது. இல்லாதது கட்டணத்துக்கான பணம்.

ஏழை மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையை நம்பியே இக்கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். அது போதுவதில்லை. முதலாண்டு மாணவர் பொதுவாகத் தம் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் 5,500 டாலர்தான். மிச்சத்துக்குப் பெற்றோர் பெயரில் ‘பேரன்ட் பிளஸ்’ கடன். 2011-ல் அரசு இதற்கான கடன் தகுதிச் சோதனையை ஓசையில்லாமல் இறுக்கியது. அம்மாவின் பழைய பாக்கி ஒன்றுக்காக மகளின் படிப்பு நின்றது. அடுத்த ஆண்டு இக்கல்லூரிகள் ஆயிரக்கணக்கில் மாணவர்களை இழந்தன. 2013-ல் அன்றைய கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் மன்னிப்புக் கேட்டார். வீடு திரும்பிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

கடன் கிடைத்த வீடுகளிலும் நிம்மதி இல்லை. 2019 மே மாதம் இதே வகையைச் சேர்ந்த அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில், அந்த ஆண்டு பட்டம் பெறும் எல்லோருடைய கல்விக் கடனையும் தாமே அடைப்பதாகத் தொழிலதிபர் ராபர்ட் எஃப். ஸ்மித் அறிவித்தார். கணக்குப் பார்க்கத் தொடங்கியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கிய கடனையும் சேர்க்க வேண்டியிருந்தது. சுமார் 400 மாணவர்களுக்கு 3.4 கோடி டாலர் ஆனது.

ஓய்வு பெற்றிருந்த சிம்மன்ஸ் 2017-ல் டெக்சஸின் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வந்தார். ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை நிலத்தில் நிற்கும், கறுப்பினத்தவருக்கான அரசுக் கல்விநிலையம் அது. 2020-ல் கொடையாளர் மெக்கன்ஸி ஸ்காட் அதற்கு 5 கோடி டாலர் நன்கொடை தந்தார். புதுக் கட்டடம், பெயர்ப் பலகை என்று கிளம்ப எத்தனையோ வழி உண்டு. சிம்மன்ஸ் அதில் 1 கோடி டாலரை, கொரோனா நெருக்கடியில் கட்டணம் கட்ட முடியாமல் பாக்கி வைத்திருந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கினார். துணிக்கே வழியில்லாமல் கல்லூரிக்குப் போனவருக்கு, படிப்பு எந்த இடத்தில் அறுபடும் என்று தெரிந்திருந்தது.

தனியார் நன்கொடையை எதிர்பார்த்து அரசுக் கல்லூரி ஏன் நிற்க வேண்டும்? 2023-ல் அமெரிக்கக் கல்வி, வேளாண் அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில் இத்தகைய அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலங்கள் குறைத்துக் கொடுத்த தொகை 1,200 கோடி டாலருக்கும் மேல் என்றது அது. அந்தக் கணக்கு அடுத்த வாரம்.