பூனைக்கு மணி கட்டியவர்

மேலதிகாரியிடம் கெட்ட சேதி சொல்வது ஒரு கலை. "ஸார், அந்த ஃபைல்..." என்று ஆரம்பித்து, அவர் முகம் மாறியதும் "...இதோ வந்துடும் ஸார்!" என்று முடிக்கிற வித்தை நம்மில் பல பேருக்குக் கைவந்தது. பூனைக்கு மணி கட்ட எல்லா ஆபீஸிலும் ஆள் தேவை. அகப்படுவதுதான் இல்லை.

1974-ல் அமெரிக்காவில் ஓர் ஆள் அகப்பட்டார். பூனை, சாட்சாத் அமெரிக்க ஜனாதிபதி. கெட்ட சேதி, "உங்க நாற்காலி போச்சு." போய்ச் சொன்ன மூன்று பேரில் முக்கியமானவர் பாரி கோல்ட்வாட்டர். பத்து வருஷம் முன்பு அதே நாற்காலிக்குப் போட்டி போட்டு, மண்ணைக் கவ்வியவர்!

ஜெயித்தவர்களைவிடத் தோற்றவர்களின் கதைதான் எனக்கு எப்போதும் ருசிக்கிறது. அதிலும் இவர் கதையில் காரம், உப்பு, கசப்பு எல்லாமே உண்டு.

பாலைவன மாநிலமான அரிசோனாவில் 1909-ல் பிறந்தார். (அப்போது அது மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1912-ல்தான் ஆயிற்று.) தாத்தா, போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர். 'கோல்ட்வாசர்' என்ற பெயர் 'கோல்ட்வாட்டர்' ஆயிற்று. தங்கம், தண்ணீர் இரண்டும் பெயரிலேயே இருந்தாலும், குடும்பம் பிழைத்தது என்னவோ ஜவுளிக் கடையில்தான். பேரன் பாரி கடையைப் பார்த்துக்கொண்டபோது, சிவப்பு எறும்புகள் ஊர்வது மாதிரி அச்சடித்த ஆண்கள் உள்ளாடையை விற்றார். ஓகோவென்று போயிற்று. பிற்காலத்தில் ஜனாதிபதி வேட்பாளர் ஆகப்போகிறவர் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். வியாபாரம் வியாபாரம்தான்.

இரண்டாம் உலகப்போரில் சரக்கு விமானம் ஓட்டினார். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கும், இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்கும் பறந்தார். 1952-ல் செனட் தேர்தல். எதிரே நின்றவர் மெக்ஃபார்லண்ட். செனட்டில் மெஜாரிட்டி கட்சியின் தலைவர், சாதாரண ஆள் இல்லை. சுமார் 7,000 ஓட்டில் அவரைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார் நம்ம ஆள்.

அவருடைய கொள்கை சிக்கலில்லாதது. சர்க்கார் ஜனங்கள் விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. வரி குறையணும். ராணுவம் மட்டும் பலமா இருக்கணும். இதை 'ஒரு கன்சர்வேடிவின் மனசாட்சி' என்று 1960-ல் புத்தகமாகவே போட்டார். (அவருக்காக எழுதிக் கொடுத்தவர் பிரென்ட் போஸல் என்பவர்.) லட்சக்கணக்கில் விற்றது. காலேஜ் பையன்கள் கொண்டாடினார்கள். 1964-ல் ரிபப்ளிகன் கட்சி இவரையே வேட்பாளராக நிறுத்திவிட்டது.

வந்தது வினை. வாய்!

கிழக்குக் கடற்கரை மாநிலங்களை ரம்பத்தால் அறுத்துக் கடலில் மிதக்க விட்டால் நாடு உருப்படும் என்கிற மாதிரி முன்பு பேசியிருந்தார். நியூயார்க்கும் அந்தக் கரையில்தான் இருக்கிறது! ஜான்சன் கட்சிக்காரர்கள் அமெரிக்கா பொம்மைப் படத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி விளம்பரமே எடுத்துவிட்டார்கள். ரஷ்யாவின் கிரெம்ளின் மாளிகைக் கழிப்பறையில் ஒரு குண்டு போடலாம் என்று வேறு சொல்லி வைத்திருந்தார். டென்னசி மாநிலத்துக்கு மின்சாரம் தரும் சர்க்கார் நிறுவனத்தை விற்றுவிடணும் என்பார். அப்புறம் அதே டென்னசிக்கு ஓட்டுக் கேட்டுப் போவார். ஏழ்மை மிகுந்த மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், வறுமை ஒழிப்புத் திட்டத்தையே திட்டுவார். நம்ம பக்கத்து வேட்பாளர்கள் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

'ஃபாக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல டாக்டர்களுக்குக் கடிதம் போட்டது. இவர் மனநிலை ஜனாதிபதி வேலைக்குத் தகுமா என்று கேள்வி. 2,417 பேர் பதில் போட்டார்கள். 'தகாது' என்றவர்கள் 1,189 பேர். நேரில் உட்காரவைத்து, பரிசோதித்துச் சொன்னதா? அதெல்லாம் கிடையாது, தபாலிலேயே வைத்தியம்! கோல்ட்வாட்டர் கேஸ் போட்டு 75,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். நேரில் பார்க்காத பிரமுகரின் மனநிலை பற்றி டாக்டர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று 1973-ல் அங்கே விதியும் வந்தது. இன்றும் அதற்குப் பெயர் 'கோல்ட்வாட்டர் விதி'.

செப்டம்பர் 7 அன்று டிவியில் ஒரு விளம்பரம். ஒரு சின்னப் பெண் பூவிதழைப் பிய்த்துப் பிய்த்து எண்ணுகிறாள். திடீரென்று ஓர் ஆண் குரல் தலைகீழாக எண்ண ஆரம்பிக்கிறது. பூஜ்யம் வந்ததும் அணுகுண்டுப் புகை. கோல்ட்வாட்டர் பெயரே அதில் இல்லை. கட்சி விளம்பரமாக ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள். போதுமானதாக இருந்தது.

முடிவு: ஜான்சனுக்கு 486 எலக்டோரல் ஓட்டு, இவருக்கு 52. ஐம்பது மாநிலத்தில் தேறியது ஆறு. சொந்த ஊர் அரிசோனா ஒன்று. மீதி ஐந்தும் அமெரிக்காவின் ஆழ்ந்த தெற்குப் பகுதி.

அந்த ஐந்து ஏன் விழுந்தது? இங்கே சிரிப்பை ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வருஷம்தான் சிவில் உரிமைச் சட்டம் செனட்டுக்கு வந்தது. ஓட்டலில், சினிமாக் கொட்டகையில், வேலையில் நிறபேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம். 73-க்கு 27 என்று நிறைவேறியது. அந்த 27-ல் கோல்ட்வாட்டர் ஒருவர்.

தனி மனிதராக அவரை நிறவெறியர் என்று சொல்வது கஷ்டம். அரிசோனா வான்படைக் காவல் பிரிவில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாகச் சேர்த்தவரே அவர்தான். 1957 உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். 'தனியார் கடைக்குள் வந்து உத்தரவு போட மத்திய சர்க்காருக்கு அதிகாரமில்லை' என்பது அவர் வாதம். இருக்கட்டும். ஆனால் அந்த வாதத்தின் பில்லைக் கட்டியது அவரில்லையே! உட்கார்ந்து ஒரு கப் காபி சாப்பிட அனுமதியில்லாத மனுஷன் அல்லவா கட்டினான்? மிசிசிப்பியில் பெரும்பாலான கறுப்பர்களுக்கு ஓட்டே இல்லாத நிலையில் இவருக்கு 87 சதவீத ஓட்டு விழுந்தது. அது இவர் வாதத்தைப் படித்துப் பார்த்து விழுந்த ஓட்டு இல்லை. மனசாட்சிப்படி நடந்தேன் என்று யார் சொன்னாலும், 'யார் செலவில் ஸார்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

சண்டைக்காரர் என்று இவரைத் தோற்கடித்தார்களே, 1965-லேயே ஜான்சன் வியட்நாமில் தரைப்படையை இறக்கினார். 1968-ல் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 'கோல்ட்வாட்டருக்கு ஓட்டுப் போட்டால் யுத்தம் வரும்னாங்க. நானும் போட்டேன், வந்துடுச்சு!' என்று அமெரிக்காவில் ஒரு ஜோக்கே உலவியது.

1968-ல் மறுபடி ஜெயித்துச் செனட்டுக்கு வந்தார். ஜனாதிபதி நிக்ஸன் இவர் கட்சிக்காரர். வாட்டர்கேட் ஊழலில் மாட்டிக்கொண்டு விழித்தார். 1974 ஆகஸ்ட் 5-ல் வெளியான ஒலிநாடா, விசாரணையை அமுக்கப் பார்த்தது அவரேதான் என்று காட்டிக் கொடுத்துவிட்டது. எதிர்க்கட்சி சொன்னால் சதி என்பார். பத்திரிகை சொன்னால் பகை என்பார். பின்னே யார் சொல்வது?

ஆகஸ்ட் 7 சாயங்காலம் ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் இருவரோடு கோல்ட்வாட்டர் வெள்ளை மாளிகைக்குப் போனார். 'ராஜினாமா பண்ணுங்க' என்று மூவருமே சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னார்கள். தப்பிக்க 34 செனட்டர் வேணும். அதில் பாதி தேறுவதே சிரமம். மறுநாள் இரவு நிக்ஸன் டிவியில் தோன்றி ராஜினாமாவை அறிவித்தார்.

நிக்ஸனால் அந்தக் கணக்கைத் தட்ட முடியவில்லை. காரணம், சொன்ன வாய். சொந்த நஷ்டம் பார்க்காமல் பேசி, ஆறே மாநிலத்தோடு வீட்டுக்குப் போன வாய் அது. இவர் யாரையோ திருப்திப்படுத்த இப்படிச் சொல்கிறார் என்று நிக்ஸனால்கூட நினைக்க முடியாது.

கடைசிவரை அந்த வாய் அடங்கவில்லை. 1981-ல் பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல் அரசியலில் தலையிட்டபோது, நல்ல கிறிஸ்தவர்கள் அவரைப் பின்பக்கம் உதைக்கணும் என்றார். 1987 ஆரம்பத்தில் ஓய்வு பெற்றார். 1993-ல், ஓரினச் சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் இருந்தால் என்ன தப்பு, குறி தப்பாமல் சுட்டால் போதாதா என்று எழுதினார். பழைய பக்தர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கட்சியில் இப்போ நாமதான்யா லிபரல் என்று 1996-ல் பாப் டோலிடம் தமாஷ் பண்ணினார்.

1998 மே 29-ல், 89 வயதில் காலமானார். இவர் பேச்சு முழுக்க எனக்கு உடன்பாடு இல்லை. 1964-ல் போட்ட அந்த ஓட்டை மன்னிக்கவும் மனசு வரவில்லை. ஆனாலும், மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய மனுஷன் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சமயத்தில், கணக்கை உள்ளபடி சொல்ல இப்படி ஒருத்தர் வேண்டித்தான் இருக்கிறது.